எட்டும் கூடினால்தான் புறப்பாடு

1995ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பேய்லர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த லிடியா அகிலார்-பிரையனும் ஜோசப் பிரையனும் தங்கள் குழுவினருடன் ஒரு புரதத்தின் மரபணுவைக் கண்டறிந்து அறிவித்தார்கள். சர்க்கரை நோய்க்காக நாற்பது ஆண்டுகளாக உலகெங்கும் விழுங்கப்பட்டு வந்த ஒருவகை மாத்திரை, உடம்புக்குள் போய் எதைப் பற்றிக்கொள்கிறது என்ற கேள்விக்கு விடை அந்தப் புரதம்தான். அதைப் பிடித்த விதம் சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். மாத்திரையின் மூலக்கூற்றில் கதிரியக்க அயோடினை ஏற்றி, வெள்ளெலியின் இன்சுலின் சுரக்கும் கட்டிச் செல்களில் விட்டு, அது எந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று துரத்திக்கொண்டே போனார்கள். கிடைத்த புரதத்துக்கு சர்1 என்று பெயர்.

ஆனால் கணக்கு இடித்தது. சர்1 புரதத்தை வேறொரு செல்லில் உண்டாக்கினால் மாத்திரை அதில் நன்றாகவே ஒட்டியது. மின்னோட்டம் மட்டும் எழவில்லை. இந்த மாத்திரைகள் ஒரு பொட்டாசியம் கால்வாயை அடைப்பதால்தான் இன்சுலின் சுரக்கிறது என்பது பத்து ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. அப்படியானால் கால்வாய் எங்கே? அதே ஆண்டு நவம்பரில் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் சுசுமு செய்னோவின் குழு, ஹூஸ்டன் குழுவுடன் சேர்ந்து, கிர்6.2 என்ற இன்னொரு புரதத்தை அறிவித்தது. பொட்டாசியம் கால்வாய்க்கு இருக்க வேண்டிய லட்சணங்கள் எல்லாம் அதற்கு இருந்தன. அதைத் தனியாக ஒரு செல்லில் உண்டாக்கிப் பார்த்தார்கள். அதிலும் ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டையும் ஒரே செல்லில் உண்டாக்கியபோது மின்னோட்டம் வந்தது. மாத்திரை போட்டால் அடங்கியது. செல்லின் எரிபொருளான ஏடிபியைக் காட்டினாலும் அடங்கியது. கணையத்தில் பல ஆண்டுகளாக அளந்து வைத்திருந்த அதே கால்வாய்!

தனித்தனியே விட்டால் எதற்கும் உதவாத இரண்டு புரதங்கள், கூடினால் மட்டும் எப்படி வேலை செய்கின்றன? கணையத்துக்குள் நடக்கும் இந்தக் கூட்டுச்சேர்க்கையைப் புரிந்துகொள்ள இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. இரண்டு விதமான குழந்தை நோய்களுக்கு விளக்கமும், அதில் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட அதிசயமான சிகிச்சையும் அந்த வழியில்தான் கிடைத்தன.

முதலில் இந்தக் கால்வாய் இருக்கும் இடம். மனிதனின் கணையத்தில் லாங்கர்ஹான் திட்டுகள் என்ற சிறு செல் கூட்டங்கள் ஏறக்குறைய பத்து லட்சம் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு பீட்டா செல்கள். ஒவ்வொரு பீட்டா செல்லுக்குள்ளும் சுமார் 10,000 நுண்பைகளில் இன்சுலின் தயாராக அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பிரச்சினை தயாரிப்பில் இல்லை. எப்போது வெளியே விடுவது என்பதில்தான். பசியோடு இருக்கும்போது விட்டால் ஆள் மயங்கி விழுவார். சாப்பிட்ட பிறகும் விடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும்.

இந்த முடிவை எடுப்பதற்குப் பீட்டா செல் மின்சாரத்தை நம்புகிறது. நரம்பும் தசையும் மின்சாரத்தில் இயங்குவது எல்லோருக்கும் தெரியும். ஒரு சுரப்பிச் செல்லும் அப்படித்தான் என்பதை 1968இல் டீன், மேத்யூஸ் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் எலியின் கணையத் திட்டுகளில் நுண்மின்முனையைச் செருகிக் காட்டினார்கள். சாப்பிடாத நேரத்தில் செல்லின் சவ்வில் உள்ள பொட்டாசியம் கால்வாய்கள் திறந்திருக்கும். உள்ளே அதிகமாக இருக்கும் பொட்டாசியம் அயனிகள் அவற்றின் வழியாக வெளியே கசிகின்றன. நேர்மின்னூட்டம் கசிந்து போவதால் செல்லின் உட்புறம் வெளியை விட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் நிற்கிறது. அந்த நிலையில் செல் அமைதியாக இருக்கும்.

சாப்பிட்டதும் குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைகிறது. குளுக்கோகைனேஸ் என்ற நொதி அதை உடைப்பதற்கான முதல் படியைத் தொடங்கி வைக்க, மைட்டோகாண்ட்ரியா அதை எரித்து ஏடிபி ஆக்குகிறது. ஏடிபி கூடுகிறது, ஒரு பாஸ்பேட் குறைந்த அதன் செலவழிந்த வடிவமான அடினோசின் டைபாஸ்பேட் குறைகிறது. பொட்டாசியம் கால்வாய் மூடிக்கொள்கிறது. கசிவு நின்றதால் மின்னழுத்தம் ஏறுகிறது. அதைக் கண்டு கால்சியம் கால்வாய்கள் திறக்கின்றன. உள்ளே பாயும் கால்சியம் இன்சுலின் பைகளைச் சவ்வோடு இணைத்து ரத்தத்தில் கொட்ட வைக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்ற செய்தி, ஒரு கால்வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற ஒரே கேள்வியாக இங்கே சுருங்கிவிடுகிறது.

ஏடிபியால் மூடப்படும் இத்தகைய கால்வாயை முதலில் கண்டவர் ஜப்பானின் அகினோரி நோமா. 1983இல் இதயத் தசைச் செல்லில் கண்டார். அடுத்த ஆண்டே குக், ஹேல்ஸ் இருவரும் பீட்டா செல்லிலும் அது இருப்பதைச் சொன்னார்கள். அதே 1984இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபிரான்சஸ் ஆஷ்கிராஃப்ட், உயிருள்ள முழு பீட்டா செல்லின்மேல் மெல்லிய கண்ணாடிக் குழாயை ஒட்டவைத்து, ஒற்றைக் கால்வாயின் மின்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டே குளுக்கோஸைச் சேர்த்தார். கால்வாய் மூடியது. அன்றிரவு மகிழ்ச்சியில் மிதந்ததையும், மறுநாள் காலையில் எங்கோ முட்டாள்தனமாகப் பிழை செய்திருப்போம் என்று தோன்றியதையும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பிழை எதுவும் இல்லை.

மாத்திரையின் கதை இதைவிடப் பழையது. 1942இல் பிரான்ஸின் மான்ட்பெல்லியே நகரில் மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர் டைபாய்டு நோயாளிகளுக்குப் புதிய சல்ஃபா மருந்து ஒன்றைக் கொடுத்தார். காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தில் நோயாளிகளின் சர்க்கரை விழுந்தது, வலிப்பு வந்தது, சிலர் இறந்தும் போனார்கள். அதே ஊரில் இருந்த ஒகுஸ்த் லூபாத்தியே நாய்களில் சோதித்துப் பார்த்தார். கணையம் உள்ள நாய்க்குச் சர்க்கரை இறங்கியது. கணையத்தை எடுத்துவிட்ட நாய்க்கு இறங்கவில்லை. மருந்து கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினை விட வைக்கிறது என்பது அதிலிருந்து தெளிவானது. 1950களின் நடுவில் இந்த வகை மருந்துகள், அதாவது சல்ஃபோனைல்யூரியாக்கள், சர்க்கரை நோய்க்கு விற்பனைக்கு வந்தன. இன்று தமிழ்நாட்டில் ஏராளமான வீடுகளின் மாத்திரை டப்பாவில் இருக்கும் கிளிமிபிரைடும், கிளிக்லசைடும், முன்பு பரவலாகப் புழங்கிய கிளிபென்கிளமைடும் இந்தக் குடும்பம்தான். சர்க்கரை ஏறியிருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் இவை கால்வாயை மூடிவிடும். சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் இவற்றைப் போட்டவர்களுக்கு ‘லோ சுகர்’ வருவதன் காரணம் இதுதான்.

இனி கட்டுமானம்.

கிர்6.2 சிறிய புரதம். 390 அமினோ அமிலங்கள். சவ்வை இரண்டு முறை ஊடுருவி நிற்கும். அதன் முன்நுனியும் பின்நுனியும் செல்லின் உட்புறத்தில் தொங்கும். சர்1 அதைப் போல் நான்கு மடங்கு பெரியது. ஏறக்குறைய 1,580 அமினோ அமிலங்கள், சவ்வை ஊடுருவும் சுருள்கள் 17. பொருள்களைச் சவ்வைக் கடத்திவிடும் பம்புப் புரதங்களின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது அது. ஆனால் சர்1 எதையும் கடத்துவதாகத் தெரியவில்லை. குலத்தொழிலை விட்டுவிட்டு இன்னொரு புரதத்துக்குக் காவல் நிற்கும் வேலைக்கு வந்துவிட்டது. மனிதரில் இந்த இரண்டு புரதங்களின் மரபணுக்களும் 11ஆவது குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன.

கால்வாயின் துளை கிர்6.2 புரதத்தால் ஆனது. ஆனால் ஒரு கிர்6.2 போதாது, நான்கு வேண்டும். ஏன் நான்கு என்பதற்கான விடை ராடரிக் மெக்கின்னன் 1998இல் வெளியிட்ட பாக்டீரியாக் கால்வாய் ஒன்றின் வடிவத்தில் இருக்கிறது. 2003இல் அதற்காகவே அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சோடியம் அயனி பொட்டாசியத்தை விடச் சிறியது. சிறியதை விடாமல் பெரியதை மட்டும் விடும் துளையை எப்படிச் செய்வது? நான்கு புரதங்கள் வட்டமாக நின்று, ஆளுக்கு ஓர் இழையை நடுவில் நீட்டுகின்றன. அந்த இழைகளின் ஆக்சிஜன் அணுக்கள் துளையைச் சுற்றி வரிசையாக அமைகின்றன. தண்ணீரில் இருக்கும்போது பொட்டாசியத்தைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் எந்தத் தொலைவில் நிற்குமோ, அதே தொலைவில் இந்த ஆக்சிஜன்கள் நிற்கும். எனவே பொட்டாசியம் நீரை உதறிவிட்டு எளிதாக நுழைகிறது. சிறிய சோடியத்துக்கு இந்த ஆக்சிஜன்கள் எட்டாத் தொலைவு. நீரை உதறுவது அதற்குக் கட்டுப்படியாகாது. மூன்று பேர் நின்றால் இந்த அளவு அமையாது.

சர்1 எத்தனை? 1997இல் இதை எண்ணிய முறை ரசிக்கத்தக்கது. ஒரு சர்1, ஒரு கிர்6.2 இரண்டையும் மரபணுவிலேயே ஒட்டுப்போட்டு ஒரே புரதமாக உண்டாக்கினார்கள். ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு. கால்வாய் வேலை செய்தது. அடுத்து ஒரு சர்1 உடன் இரண்டு கிர்6.2 ஒட்டினார்கள். கால்வாய் சரியாக அமையவில்லை. அதோடு தனியாகக் கொஞ்சம் சர்1 கொடுத்ததும் சரியாகிவிட்டது. ஆக, நான்கு கிர்6.2 நடுவில், நான்கு சர்1 சுற்றிலும். மொத்தம் எட்டு. எடை ஏறக்குறைய 880 கிலோடால்டன். புரத உலகில் இது பெரிய ஆகிருதி.

எட்டுத் துண்டுகளைத் தப்பில்லாமல் கோப்பது செல்லுக்குச் சின்ன வேலையில்லை. ரைபோசோம்கள் அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதத்தை எண்டோபிளாச வலை என்ற உள்சவ்வுக்குள் செருகுகின்றன. அங்கேதான் புரதம் மடிகிறது, துணையைத் தேடிச் சேருகிறது. பிறகு கோல்கை உடலத்துக்குப் போய், சர்க்கரைச் சங்கிலிகள் மெருகேற்றப்பட்டு, செல்லின் வெளிச்சவ்வுக்குப் போக வேண்டும். பாதி சேர்ந்த கால்வாய் ஒன்று தவறிப்போய் வெளிச்சவ்வுக்கு வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை யோசித்தால் இந்த ஏற்பாட்டின் அவசியம் புரியும். சர்1 இல்லாத கிர்6.2 திறந்துமூடும்; ஆனால் மாத்திரைக்கும் அடங்காது, செல்லின் எரிபொருள் நிலையையும் சரியாகப் படிக்காது.

கடைசியாகச் சொன்ன விஷயத்தில் ஒரு பழைய புதிர் அடங்கியிருக்கிறது. சவ்வின் ஒரு துணுக்கைப் பிய்த்தெடுத்து அளந்தால், செல்லில் சாதாரணமாக உள்ள ஏடிபியில் நூறில் ஒரு பங்கே கால்வாய்களில் பாதியை மூடப் போதுமானதாக இருந்தது. அப்படிப் பார்த்தால் உயிருள்ள செல்லில் இந்தக் கால்வாய் ஒருபோதும் திறந்திருக்கவே கூடாது. திறந்திருப்பதற்குக் காரணம் சர்1. ஏடிபி கிர்6.2 புரதத்தில் ஒட்டி மூடச் சொல்கிறது; அடினோசின் டைபாஸ்பேட் மக்னீசியத்தோடு சேர்ந்து சர்1 புரதத்தில் ஒட்டித் திறக்கச் சொல்கிறது. இரண்டும் இழுக்கும் இழுப்பில் யார் கை ஓங்குகிறதோ அதன்படி கால்வாய் நடக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் செல்லில் மாறுவது இந்த இரண்டின் விகிதம்தான். சர்1 இல்லாமல் போனால் ஒரு பக்கத்துக் கை மட்டுமே இருக்கும்.

அரைகுறைக் கால்வாய் வெளியேறாமல் செல் எப்படிப் பார்த்துக்கொள்கிறது? 1997இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு, கிர்6.2 புரதத்தின் பின்நுனியில் 26 அமினோ அமிலங்களை வெட்டிப் பார்த்தது. வெட்டுப்பட்ட புரதம் சர்1 துணையில்லாமலே வெளிச்சவ்வுக்கு வந்து மின்னோட்டம் காட்டியது! ஏடிபி ஒட்டும் இடம் கிர்6.2 புரதத்திலேயே இருக்கிறது என்று நிறுவ அந்தச் சோதனை உதவியது. ஆனால் வாலை வெட்டினால் விடுதலை கிடைப்பது ஏன் என்பது உடனே விளங்கவில்லை. 1999இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் லில்லி ஜான், யூ நங் ஜான் தம்பதியின் ஆய்வகத்திலிருந்து விடை வந்தது. வெட்டிய வாலில் மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து இருந்தன: அர்ஜினின், லைசின், அர்ஜினின். அதே மூன்றெழுத்துக் குறி சர்1 புரதத்திலும் இருந்தது. இந்தக் குறி வெளியே தெரிகிற வரை புரதம் எண்டோபிளாச வலையிலேயே நிறுத்திவைக்கப்படும். தப்பி முன்னால் போனாலும் திருப்பி அனுப்பப்படும். எட்டும் சரியாகப் பொருந்தும்போது ஒருவர் குறியை இன்னொருவரின் உடல் மறைத்துவிடுகிறது. எல்லாக் குறிகளும் மறைந்தால்தான் புறப்பாடு.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் விற்பவர் மட்டும் போய் நின்றாலும் காரியம் ஆகாது, வாங்குபவர் மட்டும் போய் நின்றாலும் ஆகாது. இரு தரப்பும் நேரில் வந்தால்தான் கோப்பு நகரும். ஏறக்குறைய அந்த விதிதான் இங்கேயும். ஆனால் இங்கே கண்காணிக்கத் தனியாக ஓர் அதிகாரி இல்லை. சரிபார்க்கும் முறையே உறுப்புகளின் உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் குறிகளை மாற்றிவிட்டுப் பார்த்தபோது முழுமை பெறாத கால்வாய்கள் தாராளமாக வெளிச்சவ்வுக்கு வந்து சேர்ந்தன. மூன்றே அமினோ அமிலங்களில் இவ்வளவு பெரிய தரக்கட்டுப்பாட்டை முடித்துக்கொண்டிருப்பது இந்தக் கதையிலேயே வியப்பான பகுதி.

இந்த ஏற்பாடு சில குழந்தைகளுக்கு எமனாகவும் அமைந்துவிடுகிறது.

பிறந்த சில நாட்களிலேயே சர்க்கரை அபாயகரமாக விழும் நோய் ஒன்று உண்டு. பிறவி மிகை இன்சுலின் நோய். பொதுவாக ஏறக்குறைய 50,000 பிறப்புகளில் ஒன்று என்பார்கள். உறவுக்குள் திருமணம் மிகுந்த சமூகங்களில் 2,500இல் ஒன்று வரை போகும். மூளைக்குச் சர்க்கரையும் கிடைக்காது; இன்சுலின் கொழுப்பை உடைக்கவும் விடாததால் மாற்று எரிபொருளும் கிடைக்காது. கவனிக்காமல் விட்டால் மூளை பாதிக்கப்படும். சர்1 மரபணு கண்டுபிடிக்கப்பட்ட அதே 1995இல், இந்த நோய்க் குடும்பங்களில் அந்த மரபணுவில் பிழை இருப்பது தெரிந்துவிட்டது. பொட்டாசியம் கால்வாய் இல்லையென்றால் கசிவு இல்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் செல் இன்சுலினைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

கால்வாயின் துளையோ அடைப்போ கெட்டுப்போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பல பிழைகளில் அப்படியில்லை. அஷ்கனாசி யூதக் குடும்பங்களில் அடிக்கடி தென்படும் ஒரு பிழையில், சர்1 புரதத்தின் 1388ஆவது இடத்தில் இருக்க வேண்டிய ஃபினைல்அலனின் என்ற ஒரே ஓர் அமினோ அமிலம் விடுபட்டிருக்கிறது. அதனால் புரதம் சரியாக மடிவதில்லை. கால்வாய் எண்டோபிளாச வலையைத் தாண்டுவதே இல்லை. செல்லின் வெளிச்சவ்வில் அது தென்படவே தென்படாது. சர்1 புரதத்தின் உறவினரான இன்னொரு புரதத்தில், வேறோர் இடத்தில், இதே ஃபினைல்அலனின் ஒன்று விடுபட்டால் நுரையீரலைப் பாழாக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய் வருகிறது. அங்கேயும் புரதம் வழியிலேயே நின்றுவிடுவதுதான் முக்கியக் கோளாறு.

இதனால் சிகிச்சையில் ஒரு சிக்கல். இந்தக் குழந்தைகளுக்கு முதலில் கொடுக்கப்படுவது டயசாக்சைடு. ரத்த அழுத்தத்துக்காக வந்து, பிறகு இங்கே இடம்பிடித்த மருந்து. சர்1 வழியாகக் கால்வாயைத் திறக்க வைக்கும். உடம்பில் முடி அடர்ந்து வளர்வது அதன் பக்கவிளைவு. (வழுக்கைக்குத் தடவும் மினாக்சிடிலும் இதே கால்வாய்க் குடும்பத்தைத் திறப்பதுதான், ரத்தக் குழாய்களில் இருப்பது வேறு சர், வேறு கிர் சேர்ந்த கூட்டணி.) ஆனால் வெளிச்சவ்வில் கால்வாயே இல்லாத குழந்தைக்கு எதைத் திறப்பது? மருந்து கேட்காத கடுமையான நிலையில், கணையத்தின் பெரும்பகுதியை அறுத்தெடுக்க வேண்டி வருகிறது. அப்படிப் பிழைத்த குழந்தைகள் பலருக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வருகிறது.

இதே கால்வாயில் பிழை எதிர்த்திசையில் விழுந்தால்? கால்வாய் சரியாகக் கூடி, சரியாக வெளிச்சவ்வுக்கு வந்து, ஆனால் ஏடிபி சொல்லியும் மூடாமல் திறந்தே கிடந்தால்? இன்சுலின் பைகள் செல்லுக்குள் நிறைந்திருந்தும் வெளியே வராது. ஏறக்குறைய ஒரு லட்சம் பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு, முதல் ஆறு மாதங்களுக்குள் சர்க்கரை நோய் வருகிறது. வெகுகாலம் இதைப் பெரிய குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவின் முன்கூட்டிய வடிவம் என்றே கருதி ஆயுள் முழுவதும் இன்சுலின் ஊசி போட்டார்கள். 2004இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லியின் குழு, அன்னா குளோயின் முதலாசிரியராக இருந்த ஆய்வில், இத்தகைய 29 பேரைச் சோதித்தது. பத்துப் பேருக்குக் கிர்6.2 மரபணுவில் பிழை.

அதன் பொருள் மருத்துவர்களுக்கு உடனே பிடிபட்டது. ஏடிபியால் மூட முடியாத கால்வாயை மாத்திரையால் மூட முடியுமே! மாத்திரை ஒட்டுவது சர்1 புரதத்தில். அது நன்றாகத்தானே இருக்கிறது. 2006இல் வெளியான முடிவில், கிர்6.2 பிழை உள்ள 49 நோயாளிகளில் 44 பேர் இன்சுலின் ஊசியை முற்றிலும் நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறியிருந்தார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.1 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதத்துக்கு இறங்கியது; ஊசியில் இருந்தபோது கிடைக்காத கட்டுப்பாடு. பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் பெரும்பாலோர் மாத்திரையிலேயே இருந்தார்கள். மருத்துவ வரலாற்றில் ஆய்வகத்திலிருந்து தொட்டில் வரை இவ்வளவு நேராக வந்த பாதைகள் அதிகம் இல்லை.

கிர்6.2 மூளையிலும் இருப்பதால், கடுமையான பிழைகளில் குழந்தைக்கு வளர்ச்சித் தாமதமும் வலிப்பும் சேர்ந்து வரும். அதை மாத்திரை முழுதாகச் சரிசெய்வதில்லை. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு நோய் ஆராய்ச்சி நிறுவனம் இந்தியக் குழந்தைகளுக்கு இந்த மரபணுச் சோதனையைச் செய்து வருகிறது. ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறிய குழந்தைகள் இங்கேயும் உண்டு. ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்த எந்தக் குழந்தைக்கும், இப்போது வயது எத்தனை ஆகியிருந்தாலும், இந்தச் சோதனை செய்து பார்ப்பதுதான் முறை. சோதனை முடிவு இல்லாமல் வீட்டிலேயே ஊசியை நிறுத்திப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு வரும் சாதாரணச் சர்க்கரை நோயில் கதை இவ்வளவு நேரானது அல்ல. கிர்6.2 புரதத்தின் 23ஆவது இடத்தில் பலருக்கும் இருக்கும் ஒரு சிறு மாற்றம் நோய் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது; அவ்வளவுதான்.

இவ்வளவு நடந்தும் அந்த எட்டுறுப்புக் கால்வாயின் முகத்தை யாரும் நேரில் பார்த்திருக்கவில்லை. 2017இல் ஒரே ஆண்டில் மூன்று குழுக்கள் பார்த்தன: பெய்ஜிங்கில் லெய் சென், ஆரிகானில் ஷோ-லிங் ஷிங், நியூயார்க்கில் அதே மெக்கின்னன். புரதத்தை நொடியில் உறையவைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் லட்சக்கணக்கான படங்கள் எடுத்து, கணினியில் சேர்த்து முப்பரிமாண உருவம் எழுப்பும் முறை அப்போதுதான் பழுத்திருந்தது. நடுவில் நான்கு கிர்6.2 சேர்ந்த தண்டு. அதிலிருந்து நான்கு பக்கமும் விரியும் இறக்கைகளாகச் சர்1. ஒவ்வொரு சர்1 புரதத்தின் முதல் ஐந்து சுருள்களும் கிர்6.2 மேல் சாய்ந்து அணைத்துக்கொண்டிருந்தன. அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய உடல் அந்தப் பிடியிலிருந்தே தொங்கியது. அந்த ஐந்து சுருள்களில் பிழை விழுந்தால் கூட்டுச்சேர்க்கையே குலையும் என்று முன்பே கண்டிருந்ததற்கு இப்போது காரணம் கண்ணெதிரே இருந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் படங்கள் இன்னும் கூர்மையாகின. கிளிபென்கிளமைடு சர்1 புரதத்தின் நடுக்குழிவில் உட்கார்ந்திருந்தது. அதே குழிவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது கிர்6.2 புரதத்தின் முன்நுனி. சாதாரணமாக அந்த நுனி தளர்வாக ஆடிக்கொண்டிருக்கும். மாத்திரை வந்ததும் குழிவுக்குள் சிக்கி அசையாமல் நின்றுவிடுகிறது. நுனி அசையாவிட்டால் கால்வாய் திறக்காது. மாத்திரை கால்வாயை மூடும் சூட்சுமம் இதுதான்.

அதே படம் இன்னொரு பழைய வினோதத்தையும் விளக்கியது. ஷோ-லிங் ஷிங் 2004இலேயே ஒன்றைக் கவனித்திருந்தார்: எண்டோபிளாச வலையில் சிக்கிக்கொண்ட சில பிழைக் கால்வாய்களுக்குக் கிளிபென்கிளமைடு கொடுத்தால் அவை விடுபட்டு வெளிச்சவ்வுக்கு வந்துவிடுகின்றன. கால்வாயை அடைக்கும் மருந்து கால்வாயைப் பிறக்க வைப்பது எப்படி? தளர்ந்த நுனியைக் குழிவுக்குள் பிடித்து நிறுத்துவதால் சர்1, கிர்6.2 இரண்டுக்கும் இடையே இன்னொரு பிடிமானம் கிடைக்கிறது. முதல் பிடிமானம் பிழையால் பலவீனமாக இருந்தாலும் எட்டும் கூடிவிடுகின்றன, குறிகள் மறைகின்றன, புறப்பாடு நடக்கிறது. வலிப்பு நோய்க்குக் காலங்காலமாகக் கொடுக்கப்படும் கார்பமாசெபினும் இதே வேலையைச் செய்வதை அவருடைய குழு 2013இல் கண்டது. அதுவும் அதே குழிவில்தான் போய் உட்காருகிறது.

கொண்டுவந்து சேர்த்த மருந்தே கால்வாயை மூடியும் வைப்பதுதான் இதில் உள்ள சங்கடம். கிளிபென்கிளமைடு ஒட்டினால் எளிதில் விடாது. மிகை இன்சுலினால் துன்பப்படும் குழந்தைக்குத் திறக்கும் கால்வாய் வேண்டும். மூடிய கால்வாய் வந்து என்ன பயன்? பழைய டால்பியூட்டமைடு சீக்கிரம் கழன்றுவிடுவதால் ஆய்வகச் செல்களில் ஓரளவு வழி கிடைத்தது: கொடுத்து, கால்வாய் வெளிச்சவ்வுக்கு வந்ததும் கழுவிவிட்டால், வந்த கால்வாய் திறந்து வேலை செய்கிறது. எல்லாப் பிழையும் இதற்குத் திருந்துவதில்லை. சர்1 புரதத்தின் அந்த முதல் ஐந்து சுருள்களில் விழுந்த பிழைகளே பெரும்பாலும் திருந்துகின்றன.

அண்மையில் அதே ஆரிகான் குழு, அந்தக் குழிவின் வடிவத்தைக் கணினிக்குக் கொடுத்து, செயற்கை நுண்ணறிவின் உதவியோடு ஏராளமான மூலக்கூறுகளைச் சலித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. ஏகாட்பெரோன் என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். குழிவில் உட்கார்ந்து கால்வாயைக் கூட்டிச்சேர்க்கிறது. வேலை முடிந்ததும் கிளிபென்கிளமைடு போல் பற்றிக்கொண்டிராமல் கழன்றும் விடுகிறது. இப்போதைக்கு இது ஆய்வகத் தட்டுகளில் வளரும் செல்களோடு நிற்கிறது. மருந்தாக வருவதற்கு முன் விலங்குகளிலும் பிறகு மனிதர்களிலும் சோதனைகள் நடந்தாக வேண்டும். இதயத்திலும் ரத்தக் குழாய்களிலும் உள்ள இதே குடும்பத்துக் கால்வாய்களை அது தொந்தரவு செய்யாது என்பதும் உறுதியாக வேண்டும்.